வெந்த பாஸ்தா ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய பத்து வயது மகனுக்கு டைப் 1 நீரிழிவு என்று தெரிந்து மூன்று மாதம் ஆகிறது. உணவியல் ஆலோசகர் கொடுத்த தாளில் "வெந்த பாஸ்தா மூன்றில் ஒரு கப், 15 கிராம் கார்போஹைட்ரேட்" என்று இருக்கிறது. பாஸ்தா பாக்கெட்டின் பின்பக்கத்தில் "56 கிராமுக்கு 42 கிராம்" என்று இருக்கிறது, அது வேகாத பாஸ்தாவுக்கு. பிறந்தநாளுக்குச் செய்ய எடுத்து வைத்திருக்கும் அமெரிக்க பாஸ்தா சாலட் குறிப்போ "வெந்த பென்னே 4 கப்" கேட்கிறது, பென்னே என்பது குழாய் வடிவப் பாஸ்தா. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கப்பைக் கிராமாக மாற்றுவது எப்படி, இதில் எதை நம்புவது என்பதுதான் அவர் கேள்வி.

அவசரத்துக்கு ஒரே ஓர் எண் வேண்டுமென்றால், வெந்த பாஸ்தா ஒரு அமெரிக்க கப் ஏறக்குறைய 125 கிராம். இந்த எண்ணை வைத்து சாலட் செய்யலாம், பத்துப் பேருக்கு விருந்து வைக்கலாம். பிள்ளையின் இன்சுலினுக்கு மட்டும் இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயதில் இதே நோய் வந்தது. எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் தராசு வந்து உட்கார்ந்ததே இந்தப் பாஸ்தாவால்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்து அட்டவணையில் வெந்த பென்னே ஒரு கப் 107 கிராம். ஸ்பகெட்டியை அமுக்காமல் போட்டால் 124 கிராம், அமுக்கி நிரப்பினால் 151 கிராம். அதே துறையின் பழைய அட்டவணையிலோ ஸ்பகெட்டி ஒரு கப் 140 கிராம் என்றுதான் இருந்தது. ஒரே துறை, ஒரே கப், ஒரே கோதுமை ரவை. ஆனாலும் 107 முதல் 151 வரை எண்கள் ஓடுகின்றன. எல்லாமே உண்மையாக நிறுத்துப் பார்த்த எண்கள்தான். வெந்த பாஸ்தாவை அளக்கும்போது கப்பு பாஸ்தாவோடு சேர்த்துக் காற்றையும் அளக்கிறது, வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் ஒருநாள் ஃபுசில்லி என்ற சுருள் பாஸ்தாவை வேகவைத்து, வடித்து, கரண்டியால் மெதுவாக அள்ளி கப்பில் போட்டேன். மேலே வழிந்ததை விரலால் தள்ளிவிட்டு நிறுத்தேன். 104 கிராம். அதே கப்பை மேடையில் நாலு தட்டு தட்டினேன், பாஸ்தா கீழே இறங்கியது, மேலே இன்னும் கொஞ்சம் போட இடம் கிடைத்தது. இப்போது 118. அப்புறம் கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அழுத்தி நிரப்பினேன், ஒரு சுருள்கூட நசுங்கவில்லை. 139 கிராம். மூன்று தடவையும் யார் பார்த்தாலும் "ஒரு கப்" என்றுதான் சொல்வார்கள்.

வெந்த பாஸ்தா தண்ணீரில் மூழ்கும். அதாவது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. அப்படியானால் 107 கிராம் பென்னே 100 மில்லிக்கும் குறைவான இடத்தைத்தான் அடைக்கும். கப்பின் கொள்ளளவோ 237 மில்லி. மிச்சமெல்லாம் குழாய்க்குள்ளேயும் குழாய்களுக்கு இடையிலும் இருக்கும் வெற்றிடம். பென்னே கப்பில் பாதிக்கு மேல் காற்றுதான். ஸ்பகெட்டி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்வதால் காற்று குறைவு, எடை அதிகம். சின்ன எல்போ மாக்கரோனியும் அப்படித்தான், நெருக்கமாக அடங்கும்.

கப் அளவு அமெரிக்கச் சமையலில் இப்படி வேரூன்றியதில் பாஸ்டன் சமையல் பள்ளியின் முதல்வராக இருந்த ஃபேனி ஃபார்மருக்குப் பெரிய பங்கு உண்டு. 1896-இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் "குவித்து அளக்காதே, தலைதட்டி அள" என்று வலியுறுத்தியது. நம் வீட்டில் படியையும் ஆழாக்கையும் தலைதட்டி அளந்தவர்களுக்கு இது புரியும். மாவுக்கும் சர்க்கரைக்கும் அரிசிக்கும் அது நல்ல முறை. ஆனால் நம் பாட்டிகள் ஆழாக்கை எப்போதும் அரிசிக்குத்தான் எடுத்தார்கள், சோற்றுக்கு எடுத்ததில்லை. "இன்னிக்கு ரெண்டு ஆழாக்கு போடு" என்றால் உலையில் போடும் அரிசிதான் கணக்கு. இத்தாலியிலும் அப்படியே. அங்கே சமையல் குறிப்பு வேகாத பாஸ்தாவைக் கிராமில் சொல்லும், ஒருவருக்கு 80 கிராம் என்பது வழக்கமான அளவு. கடையில் பாக்கெட்டும் 500 கிராமாகத்தான் இருக்கும்.

சரி, காற்றுக் கணக்கு இவ்வளவுதான். அடுத்தது தண்ணீர்க் கணக்கு.

காய்ந்த பாஸ்தாவில் ஈரம் மிகக் குறைவு. இத்தாலியச் சட்டப்படி 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சத்து அட்டவணைகளில் சராசரியாக 10 சதவீதம் போடுவார்கள். அப்படியானால் 100 கிராம் பாஸ்தாவில் 90 கிராம் கெட்டிப்பொருள். வெந்த பாஸ்தாவில் தண்ணீர் 62 சதவீதம் என்று அதே அட்டவணை சொல்கிறது, அதாவது கெட்டிப்பொருள் 38 சதவீதம். 90-ஐ 0.38-ஆல் வகுத்தால் 237. ஆக, 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 235 கிராம் வெந்து வரும். கொதிநீரில் கரைந்து போகும் மாவைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆனால் இதுவும் பதத்தைப் பொறுத்தது. ஒரே பாக்கெட்டிலிருந்து 100 கிராம் ஃபுசில்லியை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். எட்டு நிமிடத்தில், நடுவில் இன்னும் கடிபடும்போது எடுத்தது 205 கிராம். பதினொரு நிமிடத்தில் 228. பதினைந்து நிமிடம் விட்டு, என் மாமியாருக்குப் பிடித்த மாதிரி குழைய எடுத்தது 255. மூன்று தட்டிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான், நான் போட்ட 100 கிராமில் இருந்த 75 கிராம். கூடியதெல்லாம் தண்ணீர். அதனால் "வெந்தது 100 கிராம்" என்று நிறுத்தாலும், எந்தப் பதத்தில் வெந்தது என்று தெரியாமல் கணக்கு முழுமையாகாது. கடிபடும் பதத்தில் அந்த 100 கிராமில் 37 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும், குழைய வைத்ததில் 29 தான் இருக்கும்.

இப்போது உங்கள் ஆலோசகரின் தாளுக்கு வருவோம். அது தவறான தாள் இல்லை. மூன்றில் ஒரு கப் பாஸ்தா 15 கிராம் என்பது அமெரிக்காவில் நீரிழிவு உணவுப் பட்டியல்களில் பல காலமாக இருக்கும் அளவு. அமுக்கிய ஸ்பகெட்டியில் அது சரியாகவே வரும். 151-இல் மூன்றில் ஒன்று 50 கிராம், அதில் 15 கிராம் கார்போஹைட்ரேட். ஆனால் பென்னேயில் மூன்றில் ஒரு கப் 36 கிராம்தான், அதில் இருப்பது 11 அல்லது 12 கிராம். ஒரு தடவைக்கு மூன்று கிராம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பசியோடு வரும் பிள்ளை மூன்று பங்கு, நான்கு பங்கு சாப்பிடும்போதுதான் அது சேரும்.

எங்கள் வீட்டில் சேர்ந்தது. மகளுக்கு நோய் வந்த முதல் மாதம். நான் பென்னேயை மூன்றில் ஒரு கப்பாக மூன்று தடவை அள்ளிப் போட்டேன். உடைந்துவிடக் கூடாதே என்று மெதுவாக அள்ளினேன். 45 கிராம் என்று எழுதி, அதற்கேற்ற இன்சுலின் போட்டோம். உண்மையில் அவள் தட்டில் இருந்தது 34 கிராம் பக்கம்தான். இரவு பத்து மணிக்கு வியர்த்து எழுந்தாள், சர்க்கரை 58. ஆப்பிள் சாறு கொடுத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பல காரணம் இருக்கலாம், அன்று மாலை அவள் நீச்சலுக்கும் போயிருந்தாள். ஆனால் மறுநாள் காலை மிச்சமிருந்த பென்னேயை நிறுத்துப் பார்த்தபோது, நான் 45 என்று நம்பி எழுதியது 45 இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அன்றே தராசு வாங்கினோம்.

அதனால் நான் சொல்லும் வழி ஒன்றுதான். பாஸ்தாவை வேகும் முன்பே நிறுத்துவிடுங்கள்.

பாக்கெட்டில் 56 கிராமுக்கு 42 என்று இருந்தால், ஒரு கிராமுக்கு முக்கால் கிராம் கார்போஹைட்ரேட். அதாவது 20 கிராம் வேகாத பாஸ்தா என்றால் 15 கிராம் கார்போஹைட்ரேட். இது பென்னேக்கும் ஒன்று, ஸ்பகெட்டிக்கும் ஒன்று. கடிபடும் பதத்துக்கும் குழைந்ததற்கும் ஒன்று. கப் எந்த நாட்டுக் கப் என்ற கவலையும் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டி வைத்திருக்கும் சீட்டில் பாஸ்தாவுக்கு எதிரே அந்த "20க்கு 15" மட்டும்தான் இருக்கிறது. சாதாரண ரவைப் பாஸ்தாவுக்கு இது பொருந்தும். முழுக்கோதுமை, கொண்டைக்கடலை, பருப்புப் பாஸ்தாக்களுக்கு அந்தந்தப் பாக்கெட்டைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள், எண் மாறும்.

"எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில்தானே வைக்கிறேன், பையனுக்கு மட்டும் எப்படித் தனியாக நிறுப்பது?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் வழி இருக்கிறது. 300 கிராம் பாஸ்தா போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 225 கிராம் கார்போஹைட்ரேட். வெந்ததும் வடிதட்டில் கொட்டி, இரண்டு மூன்று தடவை நன்றாகக் குலுக்குங்கள். பென்னே மாதிரிக் குழாய்க்குள் தண்ணீர் நின்றுகொள்ளும், அதுவும் எடையில் சேர்ந்துவிடும். ஒரு காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, பாஸ்தா முழுவதையும் அதில் போட்டு நிறுங்கள். 690 கிராம் வந்தது என்றால், 225-ஐ 690-ஆல் வகுத்தால் 0.326. அன்றைய பாஸ்தாவுக்கு அதுதான் எண். பையன் தட்டில் 150 கிராம் போட்டால் 49 கிராம் கார்போஹைட்ரேட். நாளைக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூட வைத்தால் எண் மாறும், அன்றைக்கு மறுபடி நிறுக்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான்.

சாஸ் கலந்த பிறகு யோசனை வந்தது என்றாலும் பரவாயில்லை. பாத்திரம் முழுவதையும் சாஸோடு நிறுத்துப் பாருங்கள். மொத்தம் 1150 கிராம், பையன் தட்டில் 230 கிராம் என்றால் அது ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் நீங்கள் முதலில் போட்ட 300 கிராமில் ஐந்தில் ஒன்று, 60 கிராம் பாஸ்தா, அவன் சாப்பிடுவது. அதாவது 45 கிராம் கார்போஹைட்ரேட். சாஸில் தக்காளி, பால், சர்க்கரை இருந்தால் அதன் கணக்கைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளறிவிட்டுப் பரிமாறுங்கள், இல்லையென்றால் சாஸ் அடியிலும் பாஸ்தா மேலேயும் நிற்கும், பங்கு சரியாக வராது. இதே முறையில் எங்கள் வீட்டில் சேமியா உப்புமாவையும் நூடுல்ஸையும் கணக்கிடுகிறோம்.

தாளிலிருந்து தராசுக்கு மாறுவதற்கு முன் உங்கள் மருத்துவக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இத்தனை நாள் அவர்கள் பார்த்த சர்க்கரை அளவுகள் பழைய கணக்கில் எழுதியவை. அளவு முறை மாறியது தெரிந்தால்தான் இன்சுலின் விகிதத்தை அவர்கள் சரியாகப் பார்த்துச் சொல்ல முடியும்.

இப்போது பிறந்தநாள் சாலட். வெந்த பென்னே 4 கப், கப்புக்கு 107 கிராம், ஆக 428 கிராம். சாலட்டுக்குக் கொஞ்சம் கடிபடும் பதம்தான் நல்லது, 2.25 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 190 கிராம் பென்னே உலையில் போட வேண்டும். 200 போட்டாலும் ஒன்றும் ஆகாது. இதே 4 கப்பை ஸ்பகெட்டியில் கேட்டால் அமுக்காமல் 220 கிராம், அமுக்கி 270 கிராம் வரை போகும். அமெரிக்கச் சமையலறைகளில் பழக்கமான ஒரு சுருக்குவழி, அரை பவுண்டு பாஸ்தா வெந்தால் 4 கப் என்பது. அரை பவுண்டு 227 கிராம். நடுவாந்திரமான கணக்கு, விருந்துச் சமையலுக்குப் போதும். முட்டை நூடுல்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் அரை பவுண்டுக்கு இரண்டரை கப்தான் வரும் என்று சொல்வார்கள்.

பலர் தடுமாறும் இடம் இந்த அவுன்ஸ். அமெரிக்கக் குறிப்பில் "8 அவுன்ஸ் பாஸ்தா" என்றால் அது எடை, 227 கிராம். திரவத்தை அளக்கும் கண்ணாடிக் கப்பிலும் 8 அவுன்ஸ் என்று கோடு இருக்கும், அது கொள்ளளவு. அந்தக் கோடு வரை காய்ந்த மாக்கரோனியை நிரப்பினால் ஏறக்குறைய 4 அவுன்ஸ் எடைதான் வரும். கேட்டதில் பாதி. என் தோழி ஒருத்தி இப்படித்தான் பாதி மாக்கரோனியில் முழு அளவு வெள்ளைச் சாஸை ஊற்றி, "பாயசம் மாதிரி ஆயிடுச்சு" என்று கூப்பிட்டாள்.

அப்புறம் கப்பிலேயே வித்தியாசம் உண்டு. அமெரிக்க கப் 237 மில்லி, பாக்கெட் கணக்குக்கு 240 என்று வைத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியக் குறிப்பில் கப் 250 மில்லி. ஜப்பானியக் குறிப்பில் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி மட்டுமே. நம் வீடுகளில் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான், அதில் அளந்தால் அமெரிக்க அளவில் முக்கால்தான் வரும். ஒருமுறை உங்கள் கப்பைத் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

கடையில் குளிர்ப்பெட்டியில் இருக்கும் ஃபிரெஷ் பாஸ்தாவை வாங்கினால் மேலே சொன்ன மடங்குகளை எடுக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. இத்தாலியில் ஃபிரெஷ் பாஸ்தா என்று விற்கவே குறைந்தது 24 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். அதனால் கொதிநீரில் அது காய்ந்த பாஸ்தா அளவுக்கு ஊதாது, ஒரு கிராமில் இருக்கும் மாவுச்சத்தும் குறைவு. "20க்கு 15" அங்கே செல்லாது. பாக்கெட் எண்ணை எடுத்து, பாத்திரம் முழுக்க நிறுத்துப் பங்கு போடும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டிபன் பாக்ஸுக்கு எடுத்து வைக்கும் பாஸ்தாவும் கொஞ்சம் ஏமாற்றும். சும்மா வைத்தது மேல்பக்கம் காய்ந்து எடை குறையும். சாஸில் ஊறியது சாஸிலிருந்த தண்ணீரைக் குடித்துப் பெருத்துவிடும், சூப்பில் போட்டதைக் கேட்கவே வேண்டாம். காலையில் நிறுத்தால் நேற்றைய எண் ஒத்துவராது. நான் இரவே பங்கை நிறுத்து, டப்பாவில் போட்டு, மூடியில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி "48" என்று எழுதிவிடுவேன். டப்பாவுக்குள் அப்புறம் தண்ணீர் எங்கே போனாலும் அந்த 48 மாறாது.

தராசு இல்லாத இடங்கள்தான் கஷ்டம். நண்பன் வீட்டு விருந்து, ஓட்டல், பள்ளி கேன்டீன். அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் பாஸ்தா வைக்கும்போது, பையனையே தட்டில் போடச் சொல்லுங்கள். நிறுக்கும் முன் எத்தனை கிராம் இருக்கும் என்று அவன் சொல்லட்டும், அப்புறம் தராசில் வையுங்கள். பென்னே ஒரு வாரம், ஸ்பகெட்டி ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள், தோற்றம் இரண்டுக்கும் வேறு. என் மகள் ஆரம்பத்தில் ஐம்பது கிராம்வரை தவறவிட்டாள். இப்போது ஓட்டலில் தட்டு வந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு "நூத்தி அறுபது இருக்கும்மா, ரொம்ப வெந்திருக்கு" என்கிறாள், நான் போனில் பெருக்கிச் சொல்கிறேன்.